முப்பது வார்த்தைகளில் என் சரக்கு எத்தனை?

ஒண்டிப்புதூர் தாண்டியதும் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். லாரியின் பின்குழாயைச் சரியாக மூடவில்லை. தார் ரோட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே போனது. பின்சீட்டில் இருந்த பிலோமினா சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மடியில் இருந்த நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"அண்ணாச்சி, குளுக்கோஸ் பாட்டில்லருந்து சொட்டுச் சொட்டா இறங்கும்லா, அதுக்கு ட்ரினேஸ்னு எழுதலாமா?"

"தாராளமா எழுதலாமுங்க அம்மணி" என்றேன்.

கியரை மாற்றி, ஹாரன் அடித்து, லாரியை முந்தினேன். அதன்பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. லாரியை முந்தியபிறகும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஏனென்றால் ஆங்கிலத்தில் ட்ரினேஸ் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பெற்றவன் நான். பெயர் வைத்து, 'மழை விட்டபிறகு ஓட்டு விளிம்பில் சொட்டும் நீர்' என்று அர்த்தமும் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் நடமாட விட்டிருந்தேன்.

அன்று காலை எட்டரை மணிக்கு அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் சிஸ்டருக்குப் பரீட்சை. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சை. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. முதல் தடவை எழுதுவதில் அரைப் புள்ளி குறைந்தது. இரண்டாம் தடவை பேசுவதில். இது மூன்றாவது. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் அவருக்காக ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நாப்பத்திரண்டு வயசாச்சு அண்ணாச்சி. இதுலயும் போச்சுன்னா பொறவு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று சூலூரில் வண்டி ஏறும்போதே சொன்னார். வாசலில் அவர் கணவர் ஸ்டீபனும் இரண்டு பெண்களும் நின்று கையாட்டினார்கள். விசைத்தறி மெக்கானிக்கான ஸ்டீபனுக்கு அன்று ஷிப்ட். அதனால்தான் நான் டிரைவர். ரொம்பப் பெருந்தன்மையாக நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

மணி ஏழு நாற்பது.

உட்கார், தின், டீ

எங்கள் வார்த்தை மன்றத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் குற்றம் உங்களுக்குப் புரியாது.

சூலூர் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர். கரும்பலகையில் ஏழு ஆங்கில எழுத்துகளை எழுதிப் போடுவார்கள். பத்து நிமிடம். அந்த எழுத்துகளுக்குள் எத்தனை வார்த்தை கட்ட முடியுமோ கட்ட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வார்த்தையையும் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்லாத வார்த்தைக்குப் புள்ளி இல்லை. முடிந்ததும் சுக்குக் காப்பி, தேங்காய் பன். இங்கிலீஷ் வளர்கிறது என்பது கொள்கை. பன்னுக்காக வருகிறேன் என்பது என் நேர்மை.

நான் படித்தது தமிழ் மீடியம். தொழில் பம்புசெட் உதிரிபாகம். இந்தத் தொடரில் போன வாரம், மதுக்கரையில் மோட்டார் விற்கப் போன இடத்தில் நாய் துரத்தியதை எழுதியிருந்தேன் அல்லவா, அந்த நாய்க்கும் எனக்கும் ஆங்கில அறிவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

முதல் ஞாயிறு. பலகையில் ஆர், இ, டி, ஏ, ஐ, என், எஸ். என் பக்கத்தில் இருந்தவர் பன்னிரண்டு வார்த்தை எழுதியிருந்தார். ஸ்டெய்ன் என்றால் கறையாம். ஸ்னேர் என்றால் கண்ணியாம். என் தாளில் மூன்று: சிட், ஈட், டீ. உட்கார், தின், டீ. என் சுயசரிதையே அதில் அடங்கிவிட்டது, இந்தத் தொடரை எழுதியிருக்கவே வேண்டாம்.

என் முறை வந்தது. எழுந்தேன். வெளியே அப்போதுதான் மழை விட்டிருந்தது. கூடத்தின் ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. வாய் தானாகத் திறந்தது.

"ட்ரினேஸுங்க. ஏழு எழுத்தும் வருதுங்க. மழ உட்ட பொறகு ஓட்டு விளிம்புல சொட்டுற தண்ணிங்க."

பத்துப் பன்னிரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். தலைமை தாங்கிய ஆரோக்கியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல வார்த்தைங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எழுத்துப் பாக்கி வைக்காமல் கட்டியதற்கு இரட்டைப் புள்ளி வேறு.

நல்ல வார்த்தைங்க

விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு வார்த்தை சந்தேகமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் கையை உயர்த்தலாம், உடனே அகராதியைப் பார்க்கலாம். பெரிய அகராதி ஒன்று மேசை மேல் துணி போட்டு மூடியே இருக்கும். நான் போன காலத்தில் ஒருவரும் கையை உயர்த்திப் பார்த்ததில்லை.

எப்படி உயர்த்துவார்கள்? எதிரில் நிற்பவர் சொன்னதைச் சந்தேகப்படுவது அவர் வீட்டுக்குப் போய் அடுப்படியில் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது மாதிரி. எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்வதற்கே ஆள் கிடையாது. என் கடைக்கு வருகிற கவுண்டர் ஒருவர் மோட்டாரைத் தடவிப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்குதுங்க, வெள்ளிக்கிழமை வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் வேறு கடையில் வாங்கிவிட்டார் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கே தொழிலில் நாலு வருடம் ஆனது.

அந்த அறிவை மன்றத்தில் மறந்துபோனேன். "நல்ல வார்த்தைங்க" என்றால் நல்ல வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் என்ன, பண்ணையே வைத்துவிட்டேன். டோர்மெல் என்றால் பாதித் தூக்கத்தில் தலையாட்டுவது. பான்டிரில் என்றால் சாப்பிட்ட கை காய்ந்தபிறகும் பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று, சில ஞாயிறு மூன்று. நடுவில் ஊருக்கு ஒப்பாக இரண்டு உண்மையான வார்த்தைகளையும் மகளின் பழைய பாடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு போவேன். என் மனைவி சாவித்திரி மட்டும் ஒருநாள், "இப்புடி மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்றதுக்கு மோட்டாருக்குச் சொன்னா நாலு வித்துப்போடலாமுங்க" என்றாள். மோட்டாருக்குக் கேரண்டி கார்டு கேட்பார்களே.

பிலோமினா சிஸ்டர் தூத்துக்குடிக்காரர். கல்யாணமாகி சூலூர் வந்து, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சைக்கு உதவும் என்று இரண்டு வருடமாக மன்றத்துக்கு வந்தார். வார்த்தை கட்டுவதில் சுமார்தான். ஆனால் கையில் எப்போதும் நீல அட்டை போட்ட நோட்டு. யார் எந்த வார்த்தை சொன்னாலும் அர்த்தத்தோடு எழுதிக்கொள்வார். நான் எழுந்தால் பேனாவை உதறி மை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதுகிறபோது கை கூசுகிறது.

சிங்காநல்லூர் சிக்னல்

சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எண்பத்தைந்து வினாடி என்று காட்டியது. ஒரு மனிதன் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய யோசனையை அந்த எண்பத்தைந்துக்குள் செய்து பார்த்தேன்.

சொல்லாமல் விட்டால் ட்ரினேஸைக் கட்டுரையில் எழுதுவார். ஒரு வார்த்தைக்காகப் பெயிலாக்க மாட்டார்கள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். ஆனால் முதல் தடவை இதே எழுதுவதில் அரைப் புள்ளியில் போனவர் இவர். சொன்னால்? பரீட்சைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, நீங்கள் நம்பிப் படித்ததில் பொய் கலந்திருக்கிறது என்று சொன்னால், தெரிந்த வார்த்தையும் சேர்ந்து நடுங்குமே.

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடி, உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். காது கொடுத்தால், "பான்டிரில்... பான்டிரில்..." என்று கேட்டது.

"அம்மணி, அந்த நோட்டுல இருக்குறதெல்லாமுங்களா எழுதப்போறீங்க?"

"எல்லாம் எப்படி அண்ணாச்சி எழுத? முன்னூறு இருக்கும்லா. முப்பது பொறுக்கி வச்சிருக்கேன். சாதா வார்த்தையா எழுதுனா மார்க் ஏறாதாம், யாரும் அதிகம் எழுதாத வார்த்தையா எழுதணும்னு கோச்சிங்ல சொன்னாவ." பக்கத்தை உயர்த்திக் காட்டினார். "பாதி உங்க வார்த்தைதான். உங்களுதுதான் யாருக்குமே தெரியாததா இருக்கு."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. வண்டி அணைந்துபோயிற்று. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோதுதான் உறுமியது.

காமராஜர் ரோடு முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு பேக்கரி வாசலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேக்கரி போய்விட்டது. ஹோப் காலேஜ் சிக்னலில் சொல்லலாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த சிக்னல் எனக்குப் பச்சையாக இருந்தது.

எத்தன?

ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி எட்டு ஐந்து. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு செக்யூரிட்டி. பக்கத்தில் நீளமான மேசை. அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போக வேண்டும். எட்டரைக்கு மேசையை எடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் கூட்டமாக நின்று கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் இறங்கி, சேலையைச் சரிசெய்து, "வாரேன் அண்ணாச்சி, வேண்டிக்கிடுங்க" என்றார்.

"அம்மணி, ஒரு நிமிசமுங்க."

"என்ன?"

"அந்த ட்ரினேஸ் இருக்குதுல்லீங்க..."

"ஆமா."

"அது இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ஓட்டுத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சொல்லும்போது நடுவில் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது ஒரு வியாதி. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரிக்காரர். மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிற ஆளிடம் கேட்கிற குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தன?"

"தெரியலீங்க அம்மணி."

"தெரியலையா? நீங்கதான செஞ்சிய?"

"நெறைய நாளாச்சுங்க. எனக்கே எது நெசம், எது நான் பண்ணுனதுன்னு கலந்துபோச்சுங்க."

இது சத்தியம். அந்த முப்பதையும் வண்டியின் பானட் மேல் வைத்துப் பார்த்தேன். ட்ரினேஸ், டோர்மெல், பான்டிரில் மூன்றும் என் பிள்ளைகள், மூக்கைப் பார்த்தாலே தெரியும். மீதி எல்லாம் ஒரே ஜாடை. அஸ்டெர்ன் என்று ஒன்று இருந்தது. நான் செய்ததா? மோர்செல்? நேடிர்? உண்மையான வார்த்தைகளும் என் வார்த்தைகளும் சேர்ந்து நின்று, எங்களில் யார் அப்பா பெயர் தெரியாதது என்று கேட்டன.

அவரிடம் போன் இல்லை, ஹாலுக்குள் கூடாது என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டார். என்னிடம் இருந்தது பட்டன் போன். பெரிய போன் இரண்டை அடுத்தடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதால் சாவித்திரி விதித்த தண்டனை. அந்தச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றால், எல்லாரும் போனை வீட்டில் விட்டவர்கள், அதற்குள் வரிசையிலும் போய் நின்றுவிட்டார்கள்.

"மன்றத்துல வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்கல்லங்க."

சொன்ன வேகத்தில் எனக்கே ஒரு முகம் ஞாபகம் வந்தது.

ஜமால் பாயின் மரியாதை

ஜமால் பாய் டவுன்ஹால் பக்கம் கடிகாரக் கடை வைத்திருப்பவர். மன்றத்தில் எங்கள் எல்லாரையும்விட ஆங்கிலம் தெரிந்தவர். நான் எழுந்து வார்த்தை சொல்லும்போதெல்லாம் மிக மென்மையாகப் புன்னகைப்பார். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். மணி எட்டு பன்னிரண்டு.

"வணக்கமுங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? சாப்பிட்டீங்களா?"

"பாய், அவசரமுங்க. நான் மன்றத்துல சொன்ன வார்த்தைங்க..."

"அருமையான வார்த்தைங்களுங்க."

"அதுல பொய் எதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அந்தப் பக்கம் அவர் வீட்டில் பல கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பொய்யின்னு சொல்லக் கூடாதுங்க" என்றார். "அகராதிக்கு இன்னும் வந்து சேராத வார்த்தைங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்ததும் ஒரு ஆசைக்குப் பாப்பனுங்க. தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நூத்திப் பத்து ஆயிருச்சுங்க."

"மத்தவங்களுக்கும் தெரியுமுங்களா?"

"அந்த நோட்ட வாங்கிக் குடுத்ததே ஆரோக்கியம் சாருதானுங்க."

சிஸ்டர் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தார். அவர் நிமிர்ந்தபோது நான் செருப்பைப் பார்த்தேன்.

"அத்தன பேருக்கும் தெரியுமா? ரெண்டு வருசமா உக்காந்து எழுதுதேன், ஒருத்தரும் சொல்லலையே?"

"மரியாதைக்குங்க அம்மணி..."

"யாருக்கு மரியாதை? எனக்கா, உங்களுக்கா?"

போனைக் காதில் வைத்து, பாயிடம் அவருடைய நோட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். பீரோ திறக்கும் சத்தம். அவர் மனைவியிடம் சாவி கேட்கும் சத்தம். செக்யூரிட்டி, "இன்னும் பத்து நிமிசந்தானுங்க, வாங்க வாங்க" என்று எங்களைப் பார்த்துக் கூப்பிட்டார்.

எட்டு இருபதுக்கு நோட்டு கிடைத்தது. நான் முதல் வார்த்தையைப் படித்தேன்.

"டோர்மெலுங்க?"

"அது வந்துங்க... அழகான கற்பனைங்க..."

"இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இல்லைன்னு எப்புடிங்க சொல்றது? நீங்க சொன்ன அர்த்தம் ரொம்பப் பொருத்தமுங்க. என் மச்சானப் பாத்தாலே எனக்கு அந்த வார்த்ததானுங்க..."

சிஸ்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"பாய், நான் பிலோமினா பேசுதேன். உள்ள போகணும், எட்டு நிமிசம் இருக்கு. நான் வார்த்தை சொல்லுவேன். நீங்க இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும். 'ங்க' வேண்டாம். மச்சான் வேண்டாம். சரியா?"

"சரிங்க... சரி."

அதன்பிறகு நடந்ததை ஆபரேஷன் என்றுதான் சொல்ல வேண்டும். சிஸ்டர் படிக்க, போனுக்குள் நோட்டின் தாள் புரள, நான் பேனாவோடு நின்று அடிக்க வேண்டியதை அடித்தேன்.

"டோர்மெல்."

"இல்ல."

"அஸ்டெர்ன்."

"இருக்கு. கப்பலோட பின்பக்கம்."

"ட்ரினேஸ்."

"இல்ல." ஒரு பெருமூச்சு. "மன்னிச்சுக்கோங்க. இல்ல."

"மோர்செல்."

"இருக்கு. ஒரு வாய்ச் சோறு."

"நேடிர்."

அங்கே நான் குறுக்கே புகுந்தேன். "அது நிச்சயம் என் சரக்குங்க அம்மணி, அடிச்சிரலாமுங்க" என்று பேனாவை வைத்தும்விட்டேன்.

"ஐயோ, அது இருக்குதுங்க!" என்று பாய் போனுக்குள் கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. "இருக்குறதுலயே ஆகக் கீழான நெல. அடிச்சுப்போடாதீங்க!"

அந்த நேரத்தில் நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் இருப்பது அன்றுதான் எனக்கு உறுதியானது.

முப்பதில் பதினொன்று விழுந்தது. எட்டு இருபத்தேழு. சிஸ்டர் போனை என் கையில் வைத்தார். அடித்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டையே என்னிடம் நீட்டினார்.

"மீதி பத்தொம்பதும் நல்ல வார்த்தைதானுங்க அம்மணி. ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"வேண்டாம். இப்ப அதுலயும் கை வைக்கப் பயமா இருக்கு. நோயாளிட்ட பேசுத மாதிரி எழுதிட்டு வாரேன். எது தெரியுமோ அது."

மேசையை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஓடினார். நாற்பத்திரண்டு வயதுப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை அவிநாசி ரோட்டில் நின்று பார்த்தேன். கண்ணாடிக் கதவு மூடியது.

ஒன்றரை மணி வரை

காலையில் மூன்று பகுதி. பேசும் பகுதி கடைசியில். ஒன்றரைக்கு முடியும் என்று சொன்னார்கள்.

எதிரில் டீக்கடை. ஐந்து டீ குடித்தேன். ஸ்டீபன் ஷிப்டில் இருந்து கூப்பிட்டு, "உள்ள போயிட்டாளா அண்ணா? தைரியமா இருந்தாளா?" என்று கேட்டார். "ஓடுனாங்க" என்றேன். "ஆர்வம்" என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் அதைத் திருத்தவில்லை. மரியாதைக்கு.

வண்டியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். முன்னூறு வார்த்தையும் பொடிப் பொடியான, சாய்வே இல்லாத எழுத்து. மருந்துச் சீட்டைப் படித்துப் படித்து அலுத்தவர் தன் கையெழுத்தாவது புரிய வேண்டும் என்று எழுதிய மாதிரி. என் வார்த்தைகளுக்குப் பக்கத்தில் மட்டும் உதாரண வாக்கியமும் எழுதிப் பழகியிருந்தார். டோர்மெலுக்கு, இரவு ஷிப்டில் நாற்காலியில் தலையாட்டும் ஒரு வார்டு பாய். பான்டிரிலுக்கு, தூத்துக்குடியில் அவர் அப்பா, மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு தெருவுக்கே கேட்க அரசியல் பேசுகிறார். ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பத்து வினாடியில் வாய்க்கு வந்ததைச் சொன்ன இடத்தில் அவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஆறாவது டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

ரிசல்ட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது நிம்மதியாகப் படியுங்கள். இரண்டு வாரம் கழித்து வந்தது. எழுதுவதில் தேவையான புள்ளி, ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. பேசுவதில் தேவைக்கு மேல் ஒரு முழுப் புள்ளி. இன்றைக்கு அயர்லாந்தில், பெயரை என்னால் சரியாகச் சொல்ல முடியாத ஒரு ஊரில், வயசானவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டீபனும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அன்று ஒன்றரை மணிக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. கதவு திறந்தது. சின்னப் பிள்ளைகள் கலகலவென்று வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நேராக வந்து, எப்போதும் உட்காரும் பின்சீட்டை விட்டுவிட்டு, முன்கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்புடிங்க அம்மணி?"

"எழுதுனது எழுதிட்டேன். தெரியல."

"பேச்சுங்க?"

"ஒரு அட்டை குடுத்தாவ. அதுல இருக்குறதப் பத்தி ரெண்டு நிமிசம் நிறுத்தாம பேசணும். போன தடவ 'நீ போக விரும்பும் ஊர்'னு வந்துச்சு, நாப்பது வினாடில நாக்கு ஒட்டிக்கிட்டு."

"இந்தத் தடவைங்க?"

"'உன்னை ஏமாற்றிய ஒருவர்.'"

நான் சாவியைத் தேடினேன். அது வண்டியிலேயே மாட்டியிருந்தது.

"பேசுனேன் அண்ணாச்சி" என்றார். நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒரு வார்த்தைக்கும் யோசிக்கவே இல்ல. தானா வந்துச்சு. உங்க பேரு, உங்க மீசை, நீங்க பம்பு விக்கது, பன்னு திங்கது, வாசல்ல வச்சு சிரிச்சது, எல்லாம். கேள்வி கேட்ட பொம்பளை எழுதத மறந்துட்டு என்னையே பாத்துட்டு இருந்தா. ரெண்டு நிமிசம் ஆயிட்டு, நிறுத்துன்னா. நான் நிறுத்தல. பொறவு கையக் காட்டி நிறுத்துனா."

"நல்லதுங்க அம்மணி" என்றேன்.

"என்ன நல்லது? சொல்ல வேண்டியதுல பாதிகூட சொல்லல." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "சூலூருக்கு முக்கா மணி நேரம் ஆகும்லா?"

"ஆகுமுங்க."

"வண்டிய எடுங்க. மீதிய தமிழ்ல சொல்லுதேன்."